ஹெர் சிதம்பரத்தின் பதினாலு மாதங்கள்

தீப்தி: பத்தொன்பது.

ரகுநாதன்: இல்லீங்க, முப்பத்தி மூணு.

தீப்தி: பத்தொன்பது, அண்ணை. மூண்டு தரம் எண்ணிப் பாத்திட்டன். இந்தத் தாளில பத்தொன்பது மாதம்தான் கிடக்கு.

ரகுநாதன்: நான் ஜெர்மனிக்கு வந்தே முப்பத்தி மூணு மாசம் ஆச்சுங்க மேடம். வந்த வாரமே வேலைக்குச் சேந்துட்டேன். ஒரு மாசம்கூட சும்மா உக்காந்ததில்லை.

தீப்தி: இன்னொருக்கா மேடம் எண்டு சொன்னா நான் எழும்பிப் போயிடுவன்.

ரகுநாதன்: மன்னிக்கணுங்க மேடம்... தீப்தி.

சயந்தன்: அண்ணை, இவ தாளைக் கண்டா மனுசரைக் காணமாட்டா. நீங்கள் வந்து அரை மணித்தியாலம், இன்னும் ஜக்கெற்றைக்கூடக் கழட்ட விடேல்ல. தாங்கோ, கொழுவி விடுறன். நான் சயந்தன், இவவின்ர மனுசன். தேத்தண்ணியோ, கோப்பியோ?

ரகுநாதன்: எதுன்னாலும் சரிங்க.

சயந்தன்: கோயம்புத்தூர்க்காரர், கோப்பி எண்டு அடிச்சுச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்.

ரகுநாதன்: உங்க கோப்பி எப்படி இருக்கும்னு தெரியாதுங்களே. தேத்தண்ணியே குடுங்க.

தீப்தி: நல்லாச் சொன்னியள். இவரின்ர கோப்பியைக் குடிச்சா வியாதி... சரி, கதை காணும். அண்ணை, இது என்ன தாள் எண்டு வடிவாத் தெரியுமே?

ரகுநாதன்: பென்ஷன் ஆபீஸ்ல இருந்து வந்தது. பி.ஆர்., அதான் நிரந்தரமா தங்கற அனுமதி, அதுக்கு என்னென்ன வேணும்னு வெளிநாட்டவர் ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் குடுத்தாங்க. அதுல இதுவும் இருந்துச்சு. எழுதிக் கேட்டேன், அனுப்பிட்டாங்க. மத்தபடி ஒண்ணும் தெரியாதுங்க.

தீப்தி: இதுதான் உங்கட வேலைச் சரித்திரம். இஞ்ச எங்க வேலைக்குச் சேந்தாலும் கொம்பனி உங்களை ஓய்வூதியக் காப்புறுதியில பதியவேணும். எண்டையில இருந்து எண்டைவரைக்கும் எண்டு அங்க ஏறும். நீங்கள் ‘நான் வேலை செய்தனான்’ எண்டு சத்தியம் பண்ணலாம், கொம்பனியும் கடுதாசி தரலாம். ஆனா நிரந்தர வதிவிடம் தாற அலுவலகம் முதல் தேடிப் பாக்கிறது இதைத்தான். ஏன் சொல்லுங்கோ பாப்பம்?

ரகுநாதன்: ஏன்... இது நான் எழுதினதில்லை. கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு எழுத முடியாது.

தீப்தி: ஓம்! அதேதான்!

ரகுநாதன்: எங்க தொழில்லயும் அப்படித்தாங்க. நான் அளவுக்கருவிகளைச் சரிபாக்கறவன். ஒரு அளவுகோல் சரியா காட்டுதான்னு அந்த அளவுகோலையே கேக்க முடியாது பாருங்க. அதைவிடத் துல்லியமான இன்னொண்ணை வெச்சு அளக்கணும். அதை அளக்க வேற ஒண்ணு. அப்படியே சங்கிலி மாதிரி மேல போய், இந்த நாட்டோட மூல அளவுல போய் முடியும். நடுவுல ஒரு சர்ட்டிபிகேட் காணோம்னா அத்தனையும் செல்லாது.

தீப்தி: பிறகென்ன, நான் விளங்கப்படுத்தவே தேவையில்லை. உங்கட சங்கிலியில பதினாலு வளையத்தைக் காணேல்ல. முகத்தைத் தொங்கப் போடாதேங்கோ. உங்களிட்ட இருக்கிறது ப்ளூ கார்ட், படிச்ச வேலையாளுக்குக் குடுக்கிற விசா. ஜெர்மன் மொழியில பி ஒண்டு பரீட்சை பாஸ் எண்டா இருபத்தொரு மாதம் வேலை செய்திருந்தாக் காணும். பாஸ்தானே?

ரகுநாதன்: பாஸுங்க. மூணாவது வாட்டியில.

சயந்தன்: நான் இஞ்ச பிறந்தவன் அண்ணை. எனக்கே சில கடுதாசியள் விளங்காது. இந்தாங்கோ தேத்தண்ணி.

தீப்தி: இருபத்தொண்டு வேணும், பத்தொன்பது இருக்கு. இதுக்கேன் இவ்வளவு யோசனை? ரெண்டே ரெண்டு மாதம் பொறுத்து, பிறகு போடலாமே.

ரகுநாதன்: பொறுக்க... ம்... முடியாதுங்க.

தீப்தி: போனில கதைக்கேக்க ஒரு அவசரமும் இல்லை எண்டனீங்கள்?

ரகுநாதன்: போன் பண்ணறப்ப சுபத்ரா பக்கத்துல இருந்தா. என் மனைவி.

தீப்தி: அவவுக்குத் தெரியாத அவசரமோ?

ரகுநாதன்: பாதி தெரியும். எங்க பிரிவை போலந்துக்கு மாத்தறாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அடுத்த மாசத்துல இருந்தே ஒவ்வொருத்தர் கையிலயும் வேலையை விட்டு நிறுத்தற கடிதம் குடுக்க ஆரம்பிக்கறாங்க. அந்த மீதிப் பாதியைத்தான் இன்னும் சொல்லலை.

சயந்தன்: அடக் கடவுளே...

ரகுநாதன்: கடிதம் வந்துட்டா பி.ஆர். கிடைக்காதுங்களா?

தீப்தி: கஷ்டம் அண்ணை. கொம்பனி தாற உறுதிக் கடுதாசியில, இவரை வேலையால நிப்பாட்ட அறிவித்தல் குடுக்கேல்ல எண்டு ஒரு வரி கேப்பினம்.

ரகுநாதன்: அந்த வரி இன்னைக்கு இருக்குங்க. கையெழுத்து, முத்திரை எல்லாத்தோடயும் வெச்சிருக்கேன். அடுத்த மாசம் கேட்டா தரமாட்டாங்க. அதான்... பாருங்க, எனக்கு வேலை போறது பெருசில்லை. எங்கயாச்சும் கிடைக்கும். கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான். ஆனா ப்ளூ கார்டுல இருந்தா அந்தக் கொஞ்ச நாளுக்கு ஒரு கெடு வெச்சிருக்காங்க. கெடுவுக்குள்ள கிடைக்கலைன்னா மூட்டை கட்டணும். சுபத்ரா இங்க வந்து ஜெர்மன் படிச்சு, சின்னப் பசங்களுக்கு டீச்சராகறதுக்கு மூணு வருஷப் படிப்புல சேந்திருக்கா. அவுஸ்பில்டுங். பாதி முடிச்சாச்சு. பசங்க அவளை ‘ஃப்ரௌ சூபி’, திருமதி சூபின்னு கூப்பிடறாங்களாம். வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. என்னோட விசா போச்சுன்னா...

தீப்தி: விளங்குது.

சயந்தன்: வெளிநாட்டவர் அலுவலகத்தில உங்களுக்குத் தந்த டெர்மின் எப்ப அண்ணை?

ரகுநாதன்: வியாழக்கிழமை. காலைல ஒம்பதரை.

சயந்தன்: மாத்திக் கேட்டா?

ரகுநாதன்: கேட்டேங்க. அடுத்த டெர்மின் ஏழு மாசம் கழிச்சாம்.

சயந்தன்: இண்டைக்கு ஞாயிறு, தீப்தி.

தீப்தி: எனக்கு நாள் தெரியும். அண்ணை, அந்த முதல் பதினாலு மாதம் எங்க செய்தனீங்கள்?

ரகுநாதன்: டுசல்டோர்ஃப்ல. ஒரு சின்ன லேப். மொத்தமே இருபது பேர்தான்.

சயந்தன்: டுசல்டோர்ஃப்போ? அட, இவவின்ர இடம்! இவ பிறந்து வளந்து, படிச்சு...

தீப்தி: அந்தாளைச் சொல்ல விடுங்கோவன். லேப்பிட்ட ஒரு கடுதாசி வாங்கேலாதோ?

ரகுநாதன்: லேப் இல்லீங்க. முதலாளிக்கு வயசாயிடுச்சு, எடுத்து நடத்த ஆள் வரலை, மூடிட்டார். போன வாரம் ரயில் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இப்ப அந்த இடத்துல நாய்க்கு முடி வெட்டறாங்க.

சயந்தன்: உண்மையாவோ?

ரகுநாதன்: ஆமாங்க. நான் உக்காந்த ஜன்னலோரம் ஒரு வெள்ளை நாய் நின்னுட்டிருந்துச்சு.

சயந்தன்: அதிட்டயாவது ஒரு கடுதாசி...

தீப்தி: சயந்தன்!

ரகுநாதன்: பரவால்லீங்க, சிரிக்கட்டும். நானே அங்க நின்னு சிரிச்சேன். ஏங்க, கோயம்புத்தூர்ல பன்னெண்டு வருஷம் இதே வேலை பாத்திருக்கேன். அனுபவச் சான்று எல்லாம் பக்காவா இருக்கு. அதுல இருந்து ரெண்டு மாசம் எடுத்து இதுல...

தீப்தி: ஏலாது. அது உங்களை இஞ்ச கூப்பிட்ட அனுபவம். கதவைத் திறந்து விட்டுது, அதோட அதின்ர வேலை முடிஞ்சுது. இனி எண்ணுறது இஞ்ச செய்த மாதங்களை மட்டும். டுசல்டோர்ஃப்ச் சம்பளச் சீட்டு ஏதும் இருக்கோ?

ரகுநாதன்: பதினாலும் இருக்குங்க. இந்த ஃபைல்ல, மாச வரிசையா.

தீப்தி: இஞ்ச பாருங்கோ சயந்தன்! ஒவ்வொண்டும் தனித்தனி உறையில! ஆக்கள் எனக்குக் கொண்டாறது சொப்பிங் பையில அள்ளிப் போட்டு...

சயந்தன்: போன கிழமை வந்த ஆளின்ரயில மீன் மணம்.

தீப்தி: அண்ணை, இதில ஒண்டு எடுக்கிறன். இப்ப நீங்கள் வேலை செய்யிற ஸ்டுட்கார்ட் கொம்பனி தாறதில ஒண்டு. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வைப்பம். மேல, ‘காப்புறுதி இலக்கம்’ எண்டு போட்டிருக்கு பாருங்கோ. வாசியுங்கோ.

ரகுநாதன்: இந்த ஸ்டுட்கார்ட் சீட்டுல... நடுவுல ‘ஆர்’னு ஒரு எழுத்து வருது. டுசல்டோர்ஃப் சீட்டுல... ‘சி’. ஏங்க! நம்பரே வேற!

தீப்தி: முப்பத்தி மூண்டு மாதமா நீங்கள் இதைப் பாக்கேல்லையோ?

ரகுநாதன்: பேஸ்லிப்ல கடைசி வரியை மட்டும்தாங்க பாப்பேன்.

சயந்தன்: உலகமே அதைத்தான் பாக்கும் அண்ணை.

தீப்தி: இந்த இலக்கம் ஒரு சின்னக் கதை. முதல் ரெண்டும் எந்த அலுவலகம் குடுத்தது எண்டு சொல்லும். பிறகு வாற ஆறும்?

ரகுநாதன்: இருங்க... நாள், மாசம், வருஷம். என்னோட பிறந்த நாள்! ரெண்டுலயும் ஒண்ணா இருக்கு.

தீப்தி: ஓம். அதுக்குப் பிறகு உங்கட குடும்பப் பேரின்ர முதல் எழுத்து. பேந்து ரெண்டு இலக்கம், அது ஒரே நாளில பிறந்த, ஒரே எழுத்து உள்ள ஆக்களைப் பிரிக்க. ஆம்பிளையளுக்கு ஐம்பதுக்குக் கீழ, பொம்பிளையளுக்கு ஐம்பதில இருந்து மேல. கடைசி இலக்கம் என்னத்துக்கு? நீங்கள் சொல்லுவியள்.

ரகுநாதன்: சரிபாக்கறதுக்கு? முன்னால இருக்கறதை எல்லாம் பெருக்கிக் கூட்டினா இது வரணும், வரலைன்னா யாரோ தப்பா அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்படிங்களா?

தீப்தி: அப்பிடித்தான்!

ரகுநாதன்: அடடா, என்ன அழகு! தன்னைத் தானே சோதிச்சுக்கற நம்பர்!

சயந்தன்: இப்ப ரெண்டு பேர். எனக்கு இவ ஒராளையே தாங்கேலாம கிடக்கு.

தீப்தி: ஆனா இதில ஒரு குறை இருக்கு அண்ணை. இலக்கம் பிழையா அடிபட்டா அது பிடிக்கும். குடும்பப் பேரையே மாறிக் குடுத்தா அதுக்குத் தெரியாது. அது இன்னொரு ஆள் எண்டு நினைச்சு, ஒரு புது இலக்கத்தைச் சரியான முறையில உருவாக்கிக் குடுத்திடும். உங்கட பேரென்ன, முழுசா?

ரகுநாதன்: சி. ரகுநாதன். சிதம்பரம் எங்கப்பா. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இருக்கற கட்டம் காலி. அதுக்குக் கீழ ‘ரகுநாதன் சிதம்பரம்’னு ரெண்டும் சேந்து இருக்கும். நமக்கேதுங்க குடும்பப் பேரு?

தீப்தி: அப்ப டுசல்டோர்ஃப்பில?

ரகுநாதன்: அங்க எல்லாரும் ‘ஹெர் சிதம்பரம்’ பாங்க. திரு சிதம்பரம்! அப்பாவைத்தான் கூப்பிடறாங்கன்னு நான் திரும்பவே மாட்டேன். கொஞ்ச நாள் எனக்குக் காது கேக்காதுன்னே நினைச்சிட்டிருந்தாங்க.

சயந்தன்: அப்பா என்ன செய்தவர்?

ரகுநாதன்: நூல் மில்லுல ஃபிட்டர். வாழ்க்கையில பழனி மலையைத் தாண்டினதில்லை. ஆனா பாருங்க, கணக்குப்படி டுசல்டோர்ஃப்ல பதினாலு மாசம் வேலை பாத்திருக்கார்.

தீப்தி: ஸ்டுட்கார்ட்டில?

ரகுநாதன்: அங்க முதல் நாளே சொல்லிட்டேன். என் பேர் ரகுநாதன், எங்கப்பாவை விட்டுருங்க, அவருக்கு வயசாச்சுன்னு. காப்புறுதி நம்பர் கேட்டாங்க. என்கிட்ட இல்லைன்னேன். இருக்கறதே தெரியாதுங்களே.

தீப்தி: இலக்கம் போட்ட கடுதாசி தபாலில வந்திருக்கவேணுமே.

ரகுநாதன்: வரலீங்க.

சயந்தன்: தபால் பெட்டியில என்ன பேர் ஒட்டியிருந்தனீங்கள்?

ரகுநாதன்: ரகுநாதன்னு... அடக் கெரகமே! ஹெர் சிதம்பரத்துக்கு வந்த கடிதம்!

சயந்தன்: தபால்காரர் திருப்பிக் கொண்டு போயிருப்பார். பெட்டியில பேர் இல்லாட்டி இஞ்ச அந்த ஆளே இல்லை.

தீப்தி: ஆக, பதினாலு மாதமும் எங்கயும் போகேல்ல. ‘சி’ இலக்கத்தில பத்திரமா இருக்கு. ரெண்டும் ஒரே மனுசன் எண்டு காட்டினாச் சரி. ஆனா எனக்கு வாற கோபம்... எந்த மடையன் அண்ணை இதைப் பதிஞ்சது? ஒரு ஆளின்ர பேரை ஒழுங்கா விசாரிக்காம, விசுக்கெண்டு ஒரு கட்டத்தில தட்டிப் போட்டுப் போறது! நான் இதே வேலைதான் செய்யிறன், ஒரு பெரிய பூரோவில, மற்றக் கொம்பனியளுக்குக் கணக்குப் பாக்கிற ஒபிஸில, சம்பளப் பகுதி. என்னட்ட வேலை பழகிற பிள்ளையளுக்கு முதல் நாளே சொல்லுவன், பேர் பிழைச்சா மனுசன்ர வாழ்க்கை பிழைக்கும் எண்டு. மடையன்!

ரகுநாதன்: அந்தப் பதிவோட நகலும் இருக்குங்க. லேப்புக்குச் சம்பள வேலை பாத்தது வெளி ஆபீஸ். இந்தாங்க, அடியில முத்திரை இருக்கு.

தீப்தி: தாங்கோ, ஆர் எண்டு பாப்பம்... இது...

சயந்தன்: என்ன?

தீப்தி: ஒண்டும் இல்லை.

ரகுநாதன்: முத்திரைக்குப் பக்கத்துல பேனால ரெண்டு எழுத்து இருக்கு பாருங்க. அது என்னங்க?

தீப்தி: அது... சும்மா. மெஷின் போடுறது.

ரகுநாதன்: பேனாவாலயா?

தீப்தி: சில மெஷினுகள்...

சயந்தன்: காட்டும் பாப்பம். எந்தப் பூரோ? நீர் அவுஸ்பில்டுங் செய்த இடமும் டுசல்டோர்ஃப்பில...

தீப்தி: சயந்தன், பால் முடிஞ்சுது. போய் வாங்கிக்கொண்டு வாங்கோ.

சயந்தன்: பால் ரெண்டு பெட்டி இருக்கு.

தீப்தி: அது காணாது.

சயந்தன்: ஞாயிற்றுக்கிழமையில எந்தக் கடையப்பா திறந்திருக்கு?

தீப்தி: பெற்றோல் நிலையத்தில பாருங்கோ.

சயந்தன்: தேத்தண்ணி எல்லாரும் குடிச்சு முடிச்சாச்சு, தீப்தி.

தீப்தி: ...சரி. அண்ணை, இப்ப செய்யவேண்டியதைச் சொல்லுறன். நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு ஓய்வூதியக் காப்புறுதியின்ர ஆலோசனை நிலையத்துக்குப் போங்கோ. பாஸ்போட், ரெண்டு சம்பளச் சீட்டு, பதிவு நகல். ரெண்டு இலக்கத்தையும் காட்டி, ஒண்டாக்கச் சொல்லி எழுதிக் குடுங்கோ.

ரகுநாதன்: வியாழக்கிழமைக்குள்ள ஒண்ணாக்கிடுவாங்களா?

தீப்தி: இல்லை, அதுக்குக் கிழமைக் கணக்கில எடுக்கும். ஆனா அது முடியும்வரை பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ‘சி’ இலக்கத்தின்ர தாளையும் இதே மாதிரி எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கோ. பத்தொன்பது இதில, பதினாலு அதில. விண்ணப்பம் குடுத்ததுக்கு ஒரு பற்றுச்சீட்டும் வாங்குங்கோ. வியாழக்கிழமை மூண்டையும் மேசையில வைக்க, அந்த அலுவலர் தானே கூட்டிப் பாப்பார்.

ரகுநாதன்: முப்பத்தி மூணு.

தீப்தி: முப்பத்தி மூண்டு.

சயந்தன்: அப்ப சரிதானே! அண்ணை, மனிசிக்குப் போன் அடியுங்கோ.

தீப்தி: பொறுங்கோ. ஒரு இடம் பலவீனமாக் கிடக்கு. ஒரே நாளில பிறந்த ரெண்டு பேர் உலகத்தில இருப்பினம். ஹெர் சிதம்பரமும் ஹெர் ரகுநாதனும் ஒராள்தான் எண்டு அந்த நாளில பதிஞ்ச பூரோவும் ஒரு கடுதாசி தந்தா ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது. லேப் மூடினாலும் பூரோவில பதிவு இருக்கும். நான்... நாளைக்கு நானே அங்க கதைக்கிறன்.

ரகுநாதன்: உங்களுக்கு அங்க ஆளைத் தெரியுங்களா?

தீப்தி: ஆளை... ஓம், போனைப் போட்டா ஆராவது எடுப்பினம்தானே.

ரகுநாதன்: கடிதத்துல என்னங்க எழுதுவாங்க?

தீப்தி: பேர் எப்பிடி மாறினது எண்டு. பதிஞ்சது வேலை பழகுற ஒரு பிள்ளை எண்டு. அவவில பெரிய பிழை சொல்லேலாது அண்ணை. அவவும் ஒரு தமிழ்ப் பிள்ளையா இருந்திருக்கலாம்.

ரகுநாதன்: கொஞ்சம் முன்னால மடையன்னீங்க?

தீப்தி: அது... யோசிக்காமச் சொன்னது. யோசிச்சுப் பாருங்கோ. பாஸ்போட்டில குடும்பப் பேர்க் கட்டம் காலி. பூரோவில இருந்த ஜெர்மன்காரர் தலையைச் சொறிஞ்சுபோட்டு, ‘நீ தமிழ்தானே, உனக்குத் தெரியும்தானே’ எண்டு அவவிட்டத் தள்ளி விட்டிருப்பினம். அந்த வயசில ஒருத்தர் அப்பிடிக் கேட்டா எவ்வளவு பெருமையா இருக்கும்! தெரியாது எண்டு சொல்ல வாய் வருமோ? எங்கட வீட்டில எல்லாரும் தகப்பன்ர பேரைத்தான் குடும்பப் பேராப் போடுறது. அதால...

ரகுநாதன்: எங்கட வீட்டிலயா?

தீப்தி: அவையின்ர வீட்டில. ஈழத்து ஆக்கள் இஞ்ச வந்து அப்பிடித்தானே பதிஞ்சது. உங்கட பக்கத்தில அப்பிடி இல்லை எண்டு அவவுக்கு எப்பிடித் தெரியும்?

சயந்தன்: தமிழ்ப் பிள்ளை எண்டு அந்தத் தாளில இருக்கோ, தீப்தி?

தீப்தி: இல்லை. சும்மா சொல்லுறன்.

ரகுநாதன்: ஒரு சந்தேகங்க. அங்க இப்ப இருக்கறவங்க அன்னைக்கு நடந்ததைப் பாத்திருக்க மாட்டாங்க. பாக்காத விஷயத்துக்கு எப்படிங்க கையெழுத்துப் போடுவாங்க? போடலைன்னாலும் பரவால்லீங்க. நீங்க இவ்வளவு சொன்னதே...

தீப்தி: பரவாயில்லை இல்லை. அந்தக் கடுதாசி இருக்கவேணும். பாத்த ஆள் எழுதினா, பூரோ அதுக்குக் கீழ முத்திரை குத்தித் தரும்.

ரகுநாதன்: பாத்த ஆளை எங்கங்க தேடறது?

தீப்தி: தேடத் தேவையில்லை.

சயந்தன்: தீப்தி?

தீப்தி: அந்த ரெண்டு எழுத்தும் மெஷின் போட்டதில்லை அண்ணை. நான் போட்டது. மடையன் நான்தான். அவுஸ்பில்டுங் இரண்டாம் வருசம்... உங்கட பேரைக் கண்டு ‘சிதம்பரம்தான் குடும்பப் பேர், சந்தேகமே இல்லை’ எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னனான். அவையள் கை தட்டிச்சினம்.

சயந்தன்: ஓ... அதுதானோ பால்!

தீப்தி: சிரிக்காதேங்கோ. அங்க இருந்த என்ர பொறுப்பாளர் இப்பவும் சொல்லுவா, தீப்தியின்ர வேலையில பிழை தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம் எண்டு. அவவின்ர ஒரு கடுதாசியாலதான் எனக்கு இஞ்ச வேலையே கிடைச்சது. நாளைக்கு அவவுக்குத்தான் போன் எடுத்து, பிழை என்ர எண்டு சொல்லப் போறன். அந்த நாளிலயே பிழையைக் கண்டுபிடிச்சிருக்கவேணும்... ஆனா தாளைக் காணும்வரை எனக்கு நினைவே இல்லை அண்ணை, சத்தியமா. கண்ட பிறகும் மறைச்சன், அது வெக்கத்தில. உங்கட மனிசியின்ர படிப்பு இதில தொங்குது, நான் பால் வாங்க அனுப்புறன்! நீங்கள் இப்ப எழும்பிப் போனாலும் நான் ஒண்டும் நினைக்கமாட்டன். கடுதாசி மட்டும் நாளைக்குப் பின்னேரம் உங்களிட்ட வரும்.

சயந்தன்: அண்ணை... ஏதும் கதையுங்கோவன்.

ரகுநாதன்: அது நீங்கதான்னு எனக்குத் தெரியுங்க தீப்தி. இங்க வர்றதுக்கு முன்னால போன்ல நீங்க பேர் சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு, நகல்ல இருக்கற எழுத்தை அப்புறம்தான் பாத்தேன். ஜெர்மனிக்கு வந்த மூணாம் நாள், தமிழ்ல ஒரு வார்த்தை காதுல விழாம ரூம்ல உக்காந்திருக்கேன், போன் அடிக்குது... எடுத்தா, ‘வணக்கம் அண்ணை, தீப்தி கதைக்கிறன், சிதம்பரம்தானே குடும்பப் பேர்?’ இல்லைன்னு எனக்குத் தெரியும், நல்லாவே தெரியும். ஆனா அந்தக் குரலுக்கு ‘இல்லை’ன்னு ஒரு பதில் சொல்ல அன்னைக்கு எனக்கு மனசு வரலீங்க. ‘ஆமாம்மா, ஆமாம்மா’ன்னு நீங்க கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிட்டேன். அதனால, நாளைக்கு அந்தக் கடுதாசி எழுதறப்ப உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க.